நீட் இரண்டாம் முறை எழுதப் போகிறீர்களா? ரிப்பீட்டர்களுக்கு ஒரு வழிகாட்டி

ரிசல்ட் வந்த அன்று எடுக்கிற முடிவு எதுவும் உருப்படாது. "இன்னொரு வருஷம் எழுதறேன்" என்று அழுதுகொண்டே சொல்வதும் சரி, "இனிமே அந்தப் பேச்சே வேண்டாம்" என்று புத்தகங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போடக் கிளம்புவதும் சரி, இரண்டுமே அந்த ராத்திரியோடு முடிய வேண்டியவை. ஒரு வாரம் போகட்டும். அந்த வாரத்தில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. அதைத்தான் முதலில் சொல்லப் போகிறேன்.

என் அக்கா மகன் இரண்டாம் முறை நீட் எழுதிய வருடம் நான் கூடவே இருந்தேன். அதற்கப்புறம் தெரிந்தவர்கள் வீட்டுப் பிள்ளைகள் சிலர் ரிப்பீட் பண்ணியபோதும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மதிப்பெண் ஏறாதவர்கள் யாரும் சோம்பேறிகள் இல்லை. முதல் வருடம் படித்ததை முதல் பாடத்திலிருந்து அப்படியே இன்னொரு முறை படித்தார்கள், அவ்வளவுதான். தெரிந்த பாடம் இன்னும் நன்றாகத் தெரிந்தது. தெரியாத பாடம் தெரியாமலே இருந்தது.

நீட் இருக்கலாமா கூடாதா என்ற வழக்கை இங்கே எடுக்கவில்லை. இருக்கிற வரைக்கும் எழுதுகிற பிள்ளை என்ன செய்வது என்பது மட்டும்தான் இந்தக் கட்டுரை.

முதல் வேலை: போன தேர்வைப் பிரித்துப் போடுங்கள்

தேர்வு நடத்தும் என்டிஏ, உங்கள் ஓஎம்ஆர் தாளின் (வட்டத்தைக் கறுப்பாக்கி விடை குறித்த தாள்) ஸ்கேன் படத்தையும் ஆன்சர் கீயையும் தருகிறது. இரண்டையும் இறக்கிப் பத்திரமாக வையுங்கள். கேள்வித்தாள் ஏற்கெனவே உங்களிடம் இருக்கும், தேர்வு முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்ததுதான். மூன்றையும் மேசையில் பரப்பி, ஒரு நோட்டை எடுத்து 180 கேள்வியையும் வரிசையாக எழுதுங்கள். இரண்டு நாள் ஆகும். கசப்பான இரண்டு நாள்.

உதாரணமாக ஒருவர் 420 வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 118 சரி, 52 தவறு, 10 விட்டது. சரிக்கு 4 வீதம் 472, தவறுக்கு 1 வீதம் 52 கழிந்து 420. வீட்டில் எல்லோரும் அந்த 420-ஐத்தான் பார்ப்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது அந்த 52-ஐ. ஒவ்வொன்றின் பக்கத்திலும் காரணத்தை எழுதுங்கள்: பாடமே படிக்கவில்லை; படித்தேன், ஆனால் மறந்துவிட்டேன்; வழி தெரியும், ஆனால் கணக்கில் வழுக்கிவிட்டேன்; "தவறான கூற்று எது" என்பதை "சரியான கூற்று" என்று படித்துவிட்டேன்; நேரமில்லாமல் கடைசியில் குருட்டாம்போக்கில் போட்டேன்.

இன்னொரு காரணம் இருக்கிறது. அதற்கு மட்டும் சிவப்புப் பேனா. "நூறு சதவீதம் சரி என்று நினைத்துத்தான் போட்டேன், ஆனால் தவறு." ரிப்பீட்டருக்கு இதைவிடப் பெரிய புதையல் கிடையாது. தெரியாத பாடத்தைப் படித்தால் தெரிந்துவிடும். தவறாகத் தெரிந்திருப்பதை யாராவது காட்டினாலொழிய நீங்களாகத் திரும்பிப் பார்க்க மாட்டீர்கள், ஏனென்றால் அந்தப் பாடம் "முடித்தாச்சு" பட்டியலில் இருக்கிறது. என் அக்கா மகனுக்கு இப்படி இயற்பியலில் ஒரு கொத்தே இருந்தது. பெரும்பாலும் உராய்வு விசையின் திசை பற்றிய ஒரே தவறான புரிதலிலிருந்து வந்தவை. ப்ளஸ் ஒன்னிலேயே தப்பாகப் பதிந்தது, இரண்டு வருடமாக யாரும் கண்டுபிடிக்கவில்லை.

நெகட்டிவ் மார்க் பற்றி ஒரு வார்த்தை. "தெரியாததைத் தொடவே தொடாதே" என்று எல்லோரும் பயமுறுத்துவார்கள். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. கண்ணை மூடிக்கொண்டு நான்கு கேள்விக்குப் போட்டால் சராசரியாக ஒன்று சரி, மூன்று தவறு: 4 கூட்டி 3 கழித்தால் 1. பெரிய லாபமில்லை, பெரிய நட்டமுமில்லை. நான்கில் இரண்டு விடைகளை உறுதியாகத் தள்ள முடிந்தால், அப்படிப்பட்ட இரண்டு கேள்விக்கு ஒன்று சரி, ஒன்று தவறு: 3 மதிப்பெண் லாபம். அதை விட்டுவிட்டு வருவதுதான் நட்டம். ஆக, 52 தவறு வந்தது ஊகத்தாலா, தவறான நம்பிக்கையாலா என்று தெரியாமல் "அடுத்த தடவை கம்மியா அட்டெண்ட் பண்ணு" என்று சொல்வது வைத்தியம் ஆகாது.

எழுதலாமா, வேண்டாமா?

விதியைப் பொறுத்தவரை தடை எதுவும் இல்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். உச்ச வயது வரம்பும் கிடையாது. அதனாலேயே இந்த முடிவை விதி எடுத்துத் தராது, நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

நோட்டைப் பார்த்துக் கேளுங்கள்: தவறுகளில் பெரும்பங்கு "படிக்கவில்லை", "மறந்தேன்", "நேரம் போதவில்லை" என்றால் ஒரு வருடம் நிறையவே மாற்றும். ப்ளஸ் டூ பொதுத்தேர்வையும் நீட்டையும் ஒரே நேரத்தில் இழுத்தவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் நிலை. இரண்டு வருடம் முழுமூச்சாகப் படித்து, எல்லாப் பாடத்தையும் முடித்து, அப்படியும் எதிர்பார்த்த இடத்தைவிட வெகு தொலைவில் இருந்தால், இன்னொரு வருடத்தில் எதை வேறு மாதிரி செய்யப்போகிறேன் என்று ஒரு தாளில் எழுத முடிகிறதா பாருங்கள். "இன்னும் கஷ்டப்பட்டுப் படிப்பேன்" என்பது பதில் இல்லை.

இன்னொன்று. போன வருடம் 550 வாங்கியவருக்கு இடம் கிடைத்தது, கிடைக்கவில்லை என்ற பேச்சை வைத்து முடிவெடுக்காதீர்கள். 2024-இல் முழு 720-ஐயும் வாங்கியவர்களே பலர். 2025-இல் நாட்டிலேயே முதல் மதிப்பெண் 686. பொதுப் பிரிவுக்கான தகுதி மதிப்பெண் 162-இலிருந்து 144-க்கு வந்தது. அரசுக் கல்லூரி கட்-ஆஃப் பல பிரிவுகளில் நூறுக்கும் மேல் இறங்கியது. கேள்வித்தாள் கடினமானால் எல்லோருக்கும்தான் குறையும். ஆகவே ரேங்கைப் பாருங்கள். உங்கள் மதிப்பெண்ணுக்கு எந்த ரேங்க் வந்தது, உங்கள் பிரிவில் கடைசி இடம் எந்த ரேங்குக்குப் போனது, நடுவில் எத்தனை பேர் என்று பார்த்தால்தான் தூரம் தெரியும். தமிழ்நாட்டு இடங்களுக்கு மாநிலத் தரவரிசைப் பட்டியலைப் பார்க்க வேண்டும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர் என்றால் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுப் பட்டியல் தனி. ரிப்பீட்டருக்கும் அது உண்டு. அந்தப் பட்டியலில் உங்கள் இடம் எங்கே என்று பார்த்த பிறகே மனசைத் தளர விடுவதா வேண்டாமா என்று யோசியுங்கள்.

மருத்துவம் சார்ந்து படிக்க வேண்டும், எம்பிபிஎஸ்தான் ஆக வேண்டும் என்றில்லை என்று உள்ளுக்குள் தோன்றினால் அதையும் மதியுங்கள். பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம்., கால்நடை மருத்துவம், வேளாண்மை இவற்றுக்குத் தமிழ்நாட்டில் ப்ளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே மாநில இடங்கள் நிரப்பப்படுகின்றன.

ஒரு காலேஜில் சேர்ந்துகொண்டே எழுதுவது

"வருஷம் வீணாகக் கூடாது, ஏதாவது டிகிரியில் சேர்ந்துட்டு எழுதட்டும்" என்பது வீட்டுப் பெரியவர்கள் நல்லெண்ணத்தில் சொல்வது. என் அனுபவத்தில் இது பாதிக் கிணறு தாண்டுகிற வேலை. செமஸ்டர் தேர்வு, வருகைப்பதிவு, ரெக்கார்ட் நோட்டு எல்லாம் சேர்ந்து டிசம்பருக்குள் நீட்டை விழுங்கிவிடும். பணக் கட்டாயமோ வீட்டுச் சூழ்நிலையோ இருந்தால் வேறு வழியில்லை. அப்படியானால் உங்கள் இலக்கு "எல்லாப் பாடமும்" என்று இருக்கக் கூடாது. உயிரியல் முழுதும், வேதியியல் முழுதும், இயற்பியலில் கை வரும் பாடங்கள் என்று குறுக்கிக்கொள்ளுங்கள். சேரும் முன் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: நடுவில் விலகினால் டி.சி., மதிப்பெண் பட்டியல் திரும்பக் கிடைக்க என்ன நடைமுறை, எவ்வளவு பணம் போகும்.

அதைவிட ஆபத்தான இடம் கவுன்சலிங். பல் மருத்துவத்திலோ தனியார் கல்லூரியிலோ இடம் கிடைத்துச் சேர்ந்துவிட்டு, "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று விலகினால் சுற்றைப் பொறுத்து அபராதம் கட்ட வேண்டி வரலாம். மத்திய கவுன்சலிங்கில் கடைசியாக நடக்கும் ஸ்ட்ரே வேகன்சி சுற்றில் இடம் ஒதுக்கப்பட்டும் சேராமல் விட்டால், வைப்புத்தொகை போவதோடு அடுத்த வருட நீட் எழுதவே தடை வருகிற விதியை அந்தக் கவுன்சலிங்கை நடத்தும் எம்சிசி வைத்திருக்கிறது. ரிப்பீட் பண்ணுவது என்று முடிவு செய்துவிட்டவர் "சும்மா போட்டுப் பார்ப்போம்" என்று அந்தச் சுற்றில் விருப்பத்தைப் பதிவு செய்யக் கூடாது. இதைத் தெரியாமல் மாட்டிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கோச்சிங்

கோச்சிங் சேர்ந்தே ஆக வேண்டுமா? உங்கள் தவறு நோட்டு இயற்பியலிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால், கேட்க ஓர் ஆசிரியர் வேண்டும். உயிரியலுக்காக மட்டும் லட்சக்கணக்கில் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. காலையில் தானாக எழுந்து உட்காரத் தெரியாத பிள்ளை என்றால், பாடத்துக்காக இல்லாவிட்டாலும் கால அட்டவணைக்காகவே ஓர் இடம் தேவைப்படும். அதை ஒத்துக்கொள்வதில் வெட்கமில்லை.

சேர்வதற்கு முன் வாசலில் தொங்கும் பேனரைப் படிக்காதீர்கள். அதில் சிரிக்கிற முகங்கள் எந்த பேட்ச், எத்தனை வருடம் படித்தவர்கள் என்று எழுதியிருக்காது. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. ரிப்பீட்டர் பேட்சில் எத்தனை பேர்? இயற்பியல் எடுக்கிறவர் கடைசி வரை இருப்பாரா? டவுட் கேட்க நேரம் ஒதுக்கியிருக்கிறார்களா, இல்லை வகுப்பு முடிந்து படிக்கட்டில் துரத்த வேண்டுமா? டெஸ்ட் முடிந்தபின் தாளை விவாதிக்கிறார்களா, ரேங்க் மட்டும் ஒட்டுகிறார்களா? நடுவில் நின்றால் பணம் எவ்வளவு திரும்ப வரும், அதை எழுத்தில் தருவார்களா?

நாங்கள் இதில் ஏமாந்தோம். முழுப் பணத்தையும் ஒரே தவணையில் கட்டினால் தள்ளுபடி என்றார்கள், கட்டினோம். மூன்றாவது மாதம் இயற்பியல் ஆசிரியர் போய்விட்டார். பதிலுக்கு வந்தவர் வீடியோவை ஓடவிட்டார். பணம் கேட்டுப் போனால் நாங்களே கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டினார்கள். தள்ளுபடி போனாலும் பரவாயில்லை, தவணையில் கட்டுங்கள்.

பத்து மாதத்தை எப்படிப் பங்கு போடுவது

நீட் வழக்கமாக மே மாத முதல் ஞாயிறை ஒட்டி வரும். ஜூன் கடைசியில் உட்கார்ந்தால் கையில் பத்து மாதம். இந்தக் கணக்கைச் சுவரில் ஒட்டுங்கள்: அக்டோபர் வரை பலவீனமான பாடங்கள், நவம்பர் முதல் ஜனவரி வரை முழுப் பாடத்திட்டம் ஒரு சுற்று, பிப்ரவரியிலிருந்து பெரும்பாலும் தேர்வுத்தாள்கள். பலவீனமானதை முதலில் வைப்பதுதான் முக்கியம். கோச்சிங்கில் முதல் பாடத்திலிருந்து நடத்துவார்கள், நடத்தட்டும். வீட்டுக்கு வந்து நீங்கள் திறக்க வேண்டியது தவறு நோட்டு.

தொடங்கும் முன் பாடத்திட்டத்தைப் புதிதாக இறக்கிக்கொள்ளுங்கள். தேசிய மருத்துவ ஆணையம் 2024 தேர்வுக்குப் பாடத்திட்டத்தையே மாற்றியது. உயிரியலில் செரித்தல், தாவரங்களில் கடத்து முறைகள், கனிம ஊட்டம் போன்றவையும், வேதியியலில் திட நிலைமை, புறப்பரப்பு வேதியியல் போன்றவையும் போய்விட்டன. இயற்பியலில் வெர்னியர் அளவி, திருகு அளவி போன்ற செய்முறைப் பகுதி ஓர் அலகாகவே வந்திருக்கிறது. தன் அக்கா கொடுத்த பழைய மெட்டீரியலை வைத்துக்கொண்டு நீக்கப்பட்ட பாடத்தில் ஒரு வாரம் செலவழித்த பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். படிக்கிற பாடம் பட்டியலில் இருக்கிறதா என்று டிக் போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

உயிரியலுக்கு 90 கேள்வி, 360 மதிப்பெண், அதாவது தாளில் சரிபாதி. சம மதிப்பெண் வந்தால் முதலில் பார்ப்பதும் உயிரியல்தான். மத்தியப் பாடநூலான என்சிஇஆர்டி புத்தகத்தை வரிவரியாகப் படிப்பது இங்கே செல்லும். படத்துக்குக் கீழே உள்ள குறிப்பு, அட்டவணை, பாடத்தின் முடிவில் உள்ள சுருக்கம் உட்பட. தமிழ்நாட்டுப் பாடநூலில் படித்து வந்தவர்கள் அதை ஓரம்கட்ட வேண்டாம். விளக்கம் பல இடங்களில் அதில் நன்றாகவே இருக்கும். ஆனால் கடைசி வார்த்தை என்சிஇஆர்டியுடையது. ரிப்பீட்டருக்கு இங்கே வரும் நோய், "படித்ததுதானே" என்று கண்ணை ஓடவிடுவது. பக்கத்தைப் பார்த்ததும் எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். புத்தகத்தை மூடுங்கள். வெள்ளைத்தாளில் அந்தப் பாடத்தின் தலைப்புகளை, படங்களை, உதாரண உயிரினங்களின் பெயர்களை நினைவிலிருந்து எழுதுங்கள். பிறகு திறந்து ஒப்பிடுங்கள். எழுதாமல் விட்டதுதான் இன்றைய பாடம். மூன்று நாள் கழித்து அதே பாடத்துக்கு இன்னொரு வெள்ளைத்தாள், பத்து நாள் கழித்து இன்னொன்று. ஆறு முறை வாசிப்பதைவிட மூன்று முறை மூடிவைத்து எழுதுவது தங்கும்.

இயற்பியலைப் படிக்க முடியாது, போட வேண்டும். 45 கேள்விதான், ஆனால் நேரத்தைத் தின்பது இதுதான். 2025 தாளில் பெரும்பாலோரை உட்கார வைத்ததும் இதுதான். தினமும் காலையில் மூளை தெளிவாக இருக்கும்போது ஒன்றரை மணி நேரம் இதற்கே. விடையைப் பார்ப்பதற்கு முன் குறைந்தது பத்து நிமிடமாவது திணறுங்கள். விடையைப் பார்த்துப் "ஓ, இவ்வளவுதானா" என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போனால் அன்றைக்கு ஒன்றும் கற்கவில்லை. பார்த்துப் புரிந்ததை மறுநாள் காலை புத்தகம் இல்லாமல் போட்டுப் பாருங்கள். கால்குலேட்டர் கிடையாது என்பதால் பின்னம், மடக்கை, பத்தின் அடுக்கு, தோராயமாக்குதல் கையில் ஓட வேண்டும். எட்டாம் வகுப்புக் கணக்கில் வழுக்கி மருத்துவ இடத்தை விடுகிறவர்கள் ஏராளம். பலவீனம் அங்கே இருந்தால் இரண்டு வாரம் அதற்கே கொடுங்கள், கூச்சப்படாதீர்கள்.

வேதியியல் மூன்று பிள்ளைகள் உள்ள வீடு மாதிரி. கனிம வேதியியல் மனப்பாடம், கரிம வேதியியல் வினைகளின் வழி, இயற்பு வேதியியல் கணக்கு. மூன்றையும் ஒரே மாதிரி வளர்க்க முடியாது. கனிமத்தை உயிரியல் போலவும் இயற்பு வேதியியலை இயற்பியல் போலவும் படியுங்கள். கரிம வினைகளுக்கு எலக்ட்ரான் எங்கிருந்து எங்கே போகிறது என்று கையால் வரையுங்கள்.

தமிழ்வழி மாணவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தமிழில் கேள்வித்தாள் கேட்டால் ஆங்கிலமும் சேர்ந்தே வரும். மொழிபெயர்ப்பில் குழப்பம் வந்தால் ஆங்கிலக் கேள்விதான் செல்லும் என்பது விதி. 2018-இல் தமிழ்க் கேள்விகளில் பிழைகள் இருந்தன என்று வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கருணை மதிப்பெண் கடைசியில் கிடைக்கவில்லை. அதனால் தமிழில் எழுதுங்கள், ஆனால் கலைச்சொற்களின் ஆங்கிலப் பெயரையும் தெரிந்துவையுங்கள். பாடநூலின் பின்னால் உள்ள கலைச்சொல் பட்டியலை நாளுக்குப் பத்து வீதம் பார்த்தாலே போதும்.

எத்தனை மணி நேரம்? பதினாறு மணி நேரம் படிக்கிறேன் என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டாம், அவர்களே கணக்கு வைப்பதில்லை. நிறுத்தக் கடிகாரத்தை வைத்து அளந்தால் எட்டு, ஒன்பது மணி நேர உண்மையான படிப்பு என்பது பெரிய விஷயம். ஏழு மணி நேரத் தூக்கத்தில் கை வைக்காதீர்கள். தேர்வு மதியம் 2 முதல் 5 வரை. ராத்திரி மூன்று மணி வரை படித்து மதியம் தூங்குகிற பழக்கத்தை பிப்ரவரிக்குள்ளாவது விடாவிட்டால், மே மாதம் அந்த மூன்று மணி நேரத்தில் கண் சொக்கும்.

மாக் டெஸ்ட்: எழுதுவது பாதி வேலை

பழைய நீட் தாள்களை வாரம் ஒன்று என்று அக்டோபரிலேயே தொடங்கலாம். 2013-இல் ஒரு முறை நடந்து, நடுவில் இரண்டு வருடம் பழைய மருத்துவ நுழைவுத் தேர்வான ஏஐபிஎம்டி ஆகி, 2016-இலிருந்து தொடர்ந்து நடக்கிறது. தாள்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் 2021 முதல் 2024 வரை 200 கேள்வியில் 180 தேர்ந்தெடுக்கும் முறை இருந்தது. 2025-இல் 180 கேள்வி, 180 நிமிடம், எல்லாமே கட்டாயம் என்று ஆனது. அந்த நான்கு வருடத் தாளிலும் 180 கேள்வியை மட்டும் எடுத்து, 180 நிமிடத்திலேயே போடுங்கள். உங்கள் வருடத்துக்கு என்ன முறை என்பதை அந்த வருட அறிவிப்புக் கையேட்டில் பாருங்கள், யூடியூப் தலைப்பில் பார்க்காதீர்கள்.

மதியம் 2 மணிக்கு உட்கார்ந்து, போனை வேறு அறையில் வைத்து, ஓஎம்ஆர் தாளிலேயே எழுதுங்கள். வட்டத்தைக் கறுப்பாக்க எவ்வளவு நேரம் போகிறது என்று முதல் நாள் தெரியும்போது அதிர்ச்சியாக இருக்கும். எல்லாவற்றையும் கடைசியில் மொத்தமாக நிரப்பலாம் என்று வைத்துவிட்டு, ஒரு எண் தள்ளிப்போய் இருபது விடைகளைத் தவறாக நிரப்புவதெல்லாம் நடக்கிற கதை. ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் நிரப்புங்கள். உயிரியலை 50 நிமிடத்துக்குள் முடித்து, வேதியியலுக்கு 50, மீதியில் இயற்பியல், கடைசிப் பத்து நிமிடம் சரிபார்க்க என்பது பலருக்கு ஒத்துவருகிறது. உங்களுக்கு எந்த வரிசை என்பதை ஐந்தாறு தாளில் பரிசோதித்து முடிவு செய்யுங்கள். மார்ச்சுக்கு அப்புறம் மாற்றாதீர்கள்.

டெஸ்ட் எழுதிய மூன்று மணி நேரத்துக்கு, அதைப் பிரித்துப் பார்க்க இன்னொரு மூன்று மணி நேரம். தவறு நோட்டில் அதே சிவப்புப் பேனா. நோட்டு தடித்துக்கொண்டே போனால் பயப்பட வேண்டாம். ஒரே தவறு மூன்றாவது முறை வந்தால்தான் பயப்பட வேண்டும். ஏப்ரலில் புதிதாக எதையும் திறக்காமல் இந்த நோட்டையும் என்சிஇஆர்டியையும் மட்டும் வைத்துக்கொண்டால் போதும்.

மதிப்பெண் ஒரே கோடாக ஏறாது. நவம்பர், டிசம்பரில் அப்படியே நிற்கும், சில வாரம் இறங்கும். நிறையப் பேர் இங்கேதான் கோச்சிங்கை மாற்றுகிறார்கள், புது மெட்டீரியல் வாங்குகிறார்கள். இரண்டும் வேண்டாம்.

விண்ணப்பத்தில் ரிப்பீட்டர் தவறும் இடங்கள்

போன வருட விண்ணப்பத்தை அப்படியே பார்த்து நிரப்பக் கூடாது. போன முறை "ப்ளஸ் டூ தேர்வு எழுதுகிறேன்" என்று போட்டிருப்பீர்கள்; இப்போது தேர்ச்சி பெற்றவர், தேர்ச்சி பெற்ற ஆண்டும் மதிப்பெண்ணும் கேட்கும். பெயர், பிறந்த தேதி மூன்று இடத்திலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள்: பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார், விண்ணப்பம். இனிஷியலை விரித்து எழுதுவதில் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு எப்போதும் சிக்கல். ஆதாரில் திருத்தம் வேண்டுமானால் ஜூலையிலேயே போய்விடுங்கள், பிப்ரவரியில் அலையாதீர்கள். 2025-இல் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 1,700 ரூபாய், ஓபிசி, இடபிள்யூஎஸ் (பொருளாதாரத்தில் நலிந்த பொதுப் பிரிவினர்) பிரிவினருக்கு 1,600, பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு 1,000.

சாதிச் சான்றிதழில் பெரிய குழப்பம் ஒன்று. மாநிலக் கவுன்சலிங்குக்கு நம் பிசி, எம்பிசி நிரந்தரச் சான்றிதழ் போதும். அகில இந்திய இடங்களில் ஓபிசி ஒதுக்கீடு வேண்டுமென்றால் மத்திய அரசு வடிவத்தில் ஓபிசி நான்-கிரீமிலேயர் (வசதி படைத்த பிரிவில் வராதவர் என்ற) சான்றிதழ் வேண்டும். அது அந்தந்த நிதியாண்டுக்கு உரியது. போன வருடம் எடுத்தது இந்த வருடம் செல்லாது. இ-சேவை மையத்தில் போட்டு, ஆர்.ஐ., தாசில்தார் என்று கை மாறி வர நாளாகும். ஏப்ரல் பிறந்ததும் விண்ணப்பித்துவிடுங்கள், அந்த அலைச்சல் வீட்டுப் பெரியவர்களுடையது.

வீடு

இது பெற்றோருக்கு. பிள்ளை வீட்டில் இருக்கிறான் என்பதற்காகக் கடைக்கு அனுப்புவது, கேஸ் சிலிண்டர் வாங்க வைப்பது, வருகிறவர்களுக்குக் கதவு திறக்க வைப்பது வேண்டாம். அதற்காகக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி எல்லோரும் கிசுகிசுவென்று பேசிக்கொண்டு நடக்கவும் வேண்டாம். கல்யாண வீட்டில் "இப்ப என்ன பண்றான்?" என்று கேட்கிறவர்களுக்குப் பதிலை நீங்களே சொல்லிவிடுங்கள், பிள்ளையைச் சொல்ல வைக்காதீர்கள். ஒவ்வொரு டெஸ்ட் மதிப்பெண்ணையும் கேட்காதீர்கள். மாதம் ஒரு முறை உட்கார்ந்து பேசலாம். செலவழித்த பணத்தைச் சண்டையில் இழுக்கவே கூடாது.

கூடப் படித்தவர்கள் வெள்ளைக் கோட்டோடு போட்டோ போடுகிற செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் ரிப்பீட்டருக்கு மோசமானவை. இன்ஸ்டாகிராமை அந்த நேரத்தில் மட்டுமாவது நீக்கிவிடலாம். தினமும் ஒரு மனிதரோடு படிப்பு அல்லாத வேறு எதையாவது பேசுங்கள். தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், "நான் இருந்து என்ன" என்கிற மாதிரி எண்ணம் வந்தால் அதைப் படிப்புச் சோர்வு என்று தள்ளிவிடாதீர்கள். உடனே வீட்டில் சொல்லுங்கள். 104, 14416 இரண்டும் இலவச உதவி எண்கள், தமிழில் பேசலாம், எந்த நேரமும் கூப்பிடலாம்.

தேர்வு நாளும் மறுநாளும்

போன முறை போய் வந்தவர் என்பதால் வாசல் சோதனை பழகியிருக்கும், அது ஒரு சௌகரியம். ஒன்றரை மணிக்குக் கதவு மூடிவிடும். பன்னிரண்டுக்கே அங்கே இருங்கள். ஹால் டிக்கெட்டில் ஒட்ட வேண்டிய போட்டோக்கள், அசல் அடையாள அட்டை, எளிய உடை, செருப்பு. வாட்ச் வேண்டாம். முதல் பத்துக் கேள்வி கடினமாக இருந்தால் "போச்சு, இந்த வருஷமும்" என்று ஒரு குரல் கேட்கும். அது ரிப்பீட்டருக்கு மட்டும் கேட்கிற குரல். பேனாவைக் கீழே வைத்து இரண்டு முறை மூச்சை இழுத்துவிட்டு, பக்கத்தைத் திருப்பி உங்களுக்குத் தெரிந்த கேள்வியிலிருந்து தொடங்குங்கள். உங்களுக்குக் கடினம் என்றால் பக்கத்து பெஞ்சுக்கும் கடினம்தான்.

கேள்வித்தாளிலும் உங்கள் விடையைச் சிறியதாகக் குறித்துக்கொண்டே வாருங்கள். வெளியே வந்ததும் வாசலில் நின்று யாரோடும் ஒப்பிட வேண்டாம். அன்று ராத்திரி யூடியூப் ஆன்சர் கீ ஆளுக்கொன்று சொல்லும், அதையும் பார்க்காமல் தூங்குங்கள். மறுநாள் காலை ஒரு ஃபைலை எடுத்துப் பத்தாவது, பதினொன்று, பன்னிரண்டு மதிப்பெண் பட்டியல்கள், டி.சி., சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் இவற்றை அடுக்குங்கள். 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்குப் போகிறவர்கள் 6 முதல் 12 வரை படித்த ஒவ்வொரு பள்ளியிலும் போய்ப் படித்த சான்று வாங்க வேண்டியிருக்கும். பள்ளிகள் கோடை விடுமுறையில் மூடியிருக்கும், தலைமையாசிரியரின் போன் எண்ணை முன்பே வாங்கி வையுங்கள்.